பிரம்பு தொடாத திரேசா டீச்சர்

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "உங்க அம்மா போயிட்டாங்க" என்று தாதி சொன்னதும், பாதி சுத்தம் செய்த மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியிலேயே சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அக்கா ஸ்டெல்லாவை அழைத்தேன். அவள் அழவில்லை. "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க? ஷிஃப்ட் மாத்திக் கேக்கணும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நல்ல பிள்ளைகளுக்கு இந்தக் கோபம் சுலபமாக வரும்.

ஜார்ஜ் டவுனில் அம்மாவிடம் தமிழ் படித்த நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். பெட்டியருகே நின்று ஒன்றையே சொன்னீர்கள்: திரேசா டீச்சர் ஒரு நாளும் பிரம்பைத் தொட்டதில்லை. உண்மைதான். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார் என்பதும் உண்மை. அதையெல்லாம் பொய்யாக்க நான் இதை எழுதவில்லை. வீட்டில் நடந்ததையும் யாராவது சொல்ல வேண்டும். அக்கா சொல்லமாட்டாள். மிஞ்சியிருப்பது நான்தான்.

வீட்டிலும் அம்மா பிரம்பைத் தொடவில்லை. அதை என் கையால் எடுக்கவைத்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஜெபமாலை சொல்லும்போது சிரித்தாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள், எதிர்த்துப் பேசினாள் என்று அவள்மேல் தினமும் ஒரு குற்றமாவது இருக்கும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டுச் சட்டம் அம்மாவுடையது. அம்மா குரலை உயர்த்தமாட்டார். "ரீத்தா, ரோத்தான எடுத்துட்டு வா. அக்காவுக்கு மூணு" என்று பிரம்பு இருக்கும் மூலையைக் காட்டுவார். முதல் தடவை நான் மெல்ல அடித்தேன். "நல்ல பிள்ளைன்னா சொன்ன வேலைய ஒழுங்கா செய்யும்" என்றார். அடுத்த தடவை ஒழுங்காகச் செய்தேன். தங்கை கையால் வாங்கினால்தான் அவளுக்கு உறைக்கும் என்று அப்பாவிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கொஞ்ச நாளில் எனக்கு அது பிடித்துப்போனது. அடித்து முடித்ததும் அம்மா என் தலையைத் தடவுவார். அதற்காகவே அக்கா எப்போது தப்புச் செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யாத நாளில் நானே கோள் மூட்டினேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல் தவிப்பேன். அக்காவை அடித்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தாய் சொன்னபடி நடப்பது எப்படிப் பாவமாகும்?

ஒருமுறை அக்கா கணக்கில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று தாளை நீட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, "யாரப் பாத்து எழுதினே?" என்று கேட்டார். அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே நான் கணக்கில் கோட்டைவிட்டு வந்தேன். "பாவம், பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று மைலோ கலக்கிக் கொடுத்தார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் குடித்தேன்.

பிறகுதான் மாதா சுரூபத்தின் கண்ணாடிக் கூண்டு உடைந்தது. பீடத்தைத் துடைக்கும்போது தட்டிவிட்டது நான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, போய்ப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து சில்லுகளைப் பார்த்தார். அக்காவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி ஏதோ பேசினார். வெளியே வந்ததும், "ரீத்தா, ஆறு" என்றார். அக்கா தானாகவே கையை நீட்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் ஆறையும் அடித்தேன்.

அக்காவுக்கு அது தெரியாது என்று நாற்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே காலம் போனது. அம்மா இருக்கும்வரை தைரியம் வரவில்லை. நல்ல பிள்ளை என்ற பெயரை அவர் கண்முன்னால் இழக்க எனக்கு மனமில்லை. அடக்கத்தன்று காலை, கோயிலுக்குக் கிளம்புமுன், சமையலறையில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, அந்த மாதா கூண்ட உடைச்சது நான்தான்."

"தெரியும்லா" என்றாள். "அம்மாவுக்கும் தெரியும். சன்னல் வழியா பாத்துட்டாங்க."

"பின்ன ஏன் உன்னை அடிக்கச் சொன்னாங்க?"

"ரூமுக்குள்ள கூப்ட்டு சொன்னாங்க, 'உடைச்சது தங்கச்சிதான். அவ அடி தாங்கமாட்டா. உனக்குப் பழகிப்போச்சு, நீ வாங்கிக்க'ன்னு." கையிலிருந்த காப்பியை ஒரு மிடறு குடித்தாள். "எனக்கும் அது நியாயமாதான் பட்டுச்சு. பன்னண்டு வயசுதானே."

"என்னை மன்னிச்சிடு அக்கா."

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. போ, கோயில்ல நீதானே பேசணும். நல்லா பேசு."

நன்றாகத்தான் பேசினேன். அம்மாவின் பொறுமையைப் பற்றிப் பேசினேன், நீங்கள் அழுதீர்கள். அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் தலைமுடியில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அக்கா சட்டென்று தோளைக் குறுக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உடனே கண்ணைத் திறந்து சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லலா" என்றாள்.

டீச்சர் கற்றுக்கொடுத்த தமிழை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அம்மா விட்டுப்போனது இதுதான்: நான் கையைத் தூக்கினால் என் அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள்.