மீனுக்குப் பத்து அடி

ஆலங்குடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அய்யாக்கண்ணு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நாற்பது வயது. முகத்தைப் பார்த்தால் பாவம் போலத் தெரியும். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் பாதிப் பேர்.

1961-இல் அவர் திருமயம் பக்கத்து ஆதப்பச் செட்டியாரின் சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தார். கூலிக்குப் பதிலாக, செட்டியார் பினாங்கிலிருந்து கொண்டுவந்து சும்மா போட்டு வைத்திருந்த கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கிவந்தார். கண்மாயில் பிடித்த ஜிலேபிக் கெண்டைகள் நாலைந்தை அதில் விட்டுக் கடை வாசலில் வைத்தார். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே தண்ணீர் கலங்கி நாறியது.

"அங்கெல்லாம் பில்டர்னு ஒண்ணு கரண்ட்டுல ஓடும். அழுக்கை அது இழுத்துக்கும்" என்று செட்டியார் சொல்லியிருந்தார். அய்யாக்கண்ணு கடையில் கரண்ட் கிடையாது. பில்டர் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது அவர் வீட்டு அடுப்படியில் இருந்தது.

மனைவி சொர்ணவல்லிக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் காப்பி பில்டர் அது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் கடைக்கு வந்து சேர்ந்தது. மேல்பாத்திரத்தின் அடியில், பொடி ஓட்டைகளுக்கு நடுவே பெரிதாக ஓர் ஓட்டை போட்டு, ஒரு மூங்கில் குழாயைக் கீழ்ப்பாத்திரம் வரை இறக்கினார். குழாயைச் சுற்றிப் பொடிக்கல், அதன்மேல் ஆற்றுமணல், கொட்டாங்கச்சிக் கரி, எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய் நார். அப்படியே தொட்டிக்குள் இறக்கினார். குழாயின் அடியில் காற்றை விட்டால் குமிழிகள் மேலே ஏறும். கூடவே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப அழுக்குத் தண்ணீர் நார், கரி, மணல் என்று வரிசையாக இறங்கிச் சுத்தமாகும். யோசனை சரிதான். கரியைக் கழுவத்தான் மறந்துவிட்டார். தொட்டி கறுத்துப்போயிற்று.

பக்கத்து டீக்கடை மீனம்மாள் எட்டிப் பார்த்தாள். "டிகாசன் நல்லா எறங்கியிருக்குண்ணே. பாலு தரவா?"

கரியை அலசி அலசிக் கழுவி மறுபடி அடைத்தார். காற்றுக்கு ஒரு பழைய லாரி டியூப். சைக்கிள் பம்பால் அதை உப்பவைத்து, சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய வால்டியூப் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூங்கிலுக்குள் காற்றை விட்டார். மறுநாள் தொட்டியில் மீனின் செதில்களை எண்ணலாம் போலத் தெளிந்தது.

அன்றைக்குத்தான் சொர்ணவல்லியும் கடைப் பக்கம் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"பில்டரைப் பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்னீங்க?"

"தூக்கிட்டு வந்து மீனுக்கிட்ட போட்டுருச்சு போல."

"அப்ப இனிமே ஒங்களுக்குக் காப்பியும் அந்த மீனே போட்டுத் தரட்டும்."

சொன்னபடி நடந்துகொண்டாள். அய்யாக்கண்ணு பல மாதம் மீனம்மாள் டீயில்தான் காலம் தள்ளினார்.

லாரி டியூப் சீக்கிரம் இளைத்துவிடும். நாளெல்லாம் பம்ப் அடிக்க யாரால் முடியும்? 'காற்று இலவசம்' என்று ஒரு பலகை மாட்டினார். இலவசம்தான், ஆனால் தன் சக்கரத்துக்கு அடிக்கும்முன் மீனுக்குப் பத்து அடி அடிக்க வேண்டும். "மொதல்ல பம்பு சூடேறணுங்க, இல்லாட்டி ஒங்க டியூப்பு வெடிச்சிரும்" என்பார் ஒருவரிடம். "பத்து அடிச்சா நெஞ்சுச்சளி கரையுமாம்" என்பார் இன்னொருவரிடம். இரண்டையும் நம்பி ஊர் அடித்தது.

மீன்களுக்குப் பேரும் வைத்தார். தொட்டியின் நாலு மூலையையும் அளப்பது போல ஓயாமல் சுற்றிய மீனுக்கு 'ஆர்.ஐ.' என்று பேர். ஊருக்குப் புதிதாக வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முத்துராமன் அப்படித்தான் வயல் வயலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாணமாகாதவர், சிரிக்காதவர், யாரிடமும் ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடிக்காதவர்.

ஒருநாள் அவர் காற்றடிக்க வந்து நின்றபோது மீனம்மாள் தன் கடையிலிருந்து கத்தினாள். "அண்ணே, ஆர்.ஐ. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாரு, கவனிங்க!"

முத்துராமன் வாயை மூடிக்கொண்டார். "யாரையா சொல்லுது அந்தம்மா?"

அய்யாக்கண்ணு தொட்டியைக் காட்டினார். "டியூப்புல காத்து எறங்கிப்போச்சுங்க சார், அதுக்கு மூச்சு முட்டுது. ஒங்க பேருதான் வச்சிருக்கேன். ஒரு மரியாதைக்கு."

முத்துராமன் முறைத்தார். பிறகு நீர்மட்டத்தில் தவித்த மீனைப் பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடித்தார். பத்தோடு நிறுத்தவில்லை, மீன் கீழே இறங்கும்வரை அடித்தார். அதன்பின் தினமும் ஆபீசுக்குப் போகும்முன் வந்துவிடுவார்.

ஆவணியில் அந்த மீன் இரை எடுப்பதை நிறுத்தியது. தவிடு போட்டாலும் புழு போட்டாலும் வாயை இறுக மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றது.

"என்ன குடுத்தாலும் வாங்க மாட்டேங்குது. அசல் ஆர்.ஐ.தான் சார்" என்றார் அய்யாக்கண்ணு. முத்துராமன் முதல் தடவையாகச் சிரித்தார்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் மீன் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சு குஞ்சாக வெளியே வந்தன. இந்த வகையில் தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும் என்பது அப்போதுதான் அய்யாக்கண்ணுவுக்குத் தெரிந்தது. கல்கண்டு வாங்கிக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி எல்லோருக்கும் நீட்டினார். "எடுத்துக்குங்க. நம்ம ஆர்.ஐ.க்குப் பிள்ளை பொறந்திருக்கு."

பஸ் அறந்தாங்கிக்குப் போயிற்று. சேதியும் போயிற்று. முத்துராமனின் தாயார் ஆவுடையாள் இருந்தது அந்த ஊரில்தான். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே சைக்கிள் கடைக்கு வந்தார்.

"ஏப்பா, கல்யாணமே ஆகாத எம்மகனுக்குப் பிள்ளை பொறந்திருக்காமே? எங்கிட்டு இருக்கா அந்தப் பொண்ணு?"

அய்யாக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க ஆத்தா. பிள்ளை ஒண்ணு இல்ல, நாப்பது தேறும்" என்று தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

ஆவுடையாள் முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புத் தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனியும் விட்டு வைக்கக் கூடாது அவனை" என்று எழுந்து மகன் வீட்டுக்குப் போனார். தையில் கல்யாணம் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

முத்துராமன் அய்யாக்கண்ணுவோடு பேச்சை நிறுத்தினார். காலையில் வருவதை நிறுத்தவில்லை. வருவார், அடிப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள், ஒரு குஞ்சு பில்டர் பக்கம் இழுபட்டுப் போவதைக் கண்டு பம்பைக் கீழே போட்டார்.

"யோவ், பிள்ளைங்க உள்ள போகுதுய்யா!"

"பில்டர் வாயில துணி கட்டணுங்க சார். வீட்டுல கேட்டா இந்தத் தடவை என்னையே தொட்டியில எறக்கிருவா."

முத்துராமன் தன் கைக்குட்டையை எடுத்து உதறினார். முழங்கைவரை தண்ணீரில் விட்டு, பில்டரின் வாயைச் சுற்றித் தானே இறுக்கிக் கட்டினார். அய்யாக்கண்ணு பம்பை எடுத்து அடிக்கத் தொடங்கினார்.