நெற்றியில் எண்ணெய்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரசபைத் தேர்தலில் அப்பா நின்ற ஆண்டு எனக்குப் பத்து வயது. அவர் தெரிவாகவில்லை. நான் சொல்ல வருவது தேர்தலுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அப்பா தொழிற்சாலையில் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தார். கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்துவிட்டு, வேட்பாளர் பட்டியலில் ஓர் இடம் கொடுத்தார்கள். அம்மா அதை இடம் என்று சொல்லவில்லை, கர்த்தரின் அழைப்பு என்றார்.

எங்கள் பெந்தெகொஸ்தே சபை ஞாயிறு தோறும் ஒரு வாடகை மண்டபத்தில் கூடும். கர்த்தர் தெரிந்தெடுத்த வேட்பாளர் என்று அப்பாவை மேடையில் அறிவித்து, தலையில் கைவைத்து ஜெபிக்கப் பாஸ்டர் ஆயத்தமாக இருந்தார்.

"வீட்டுக்கு வந்து ஜெபியுங்கோ பாஸ்டர், மேடையில வேண்டாம்" என்றார் அப்பா. "கோயிலுக்குப் போறவையும் ஒண்டுக்கும் போகாதவையும் எனக்கு வோட் போடவேணும்."

"அப்ப கர்த்தரை வீட்டில விட்டிட்டோ பிரதர் நகரசபைக்குப் போகப்போறியள்?"

பாஸ்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

போஸ்டர்கள் வந்தன. மெல்லிய பலகையில் ஒட்டிய தாளில் அப்பாவின் முகம், நாற்பது தடவை. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மா அவற்றைக் கராஜ் நிலத்தில் வரிசையாகப் பரப்பினார். ஜெபித்த ஒலிவ எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் வைத்து முணுமுணுத்தார். நோயாளிக்கும் புதுவீட்டுக் கதவுக்கும் எங்கள் சபையில் செய்வதுதான். போத்தலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"அப்பாட்டைச் சொல்லாத, என்ன?"

"ஓகே" என்றேன்.

சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகுதான் போஸ்டர் கட்டலாம் என்பது சட்டம். அப்பா பன்னிரண்டு அடிக்கும்வரை காருக்குள் காத்திருந்தார். பிறகு அவர் ஏணியில் ஏற, நான் பிளாஸ்டிக் பட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து நாளில் எண்ணெய் தாளில் ஊறி, பின்னாலிருந்த பழுப்புப் பலகை தெரியத் தொடங்கியது. நகரத்து விளக்குக் கம்பங்களில் எல்லாம் அப்பா வட்டமான பொட்டோடு நின்றார்.

தமிழ்க் கடைக்காரர் சைவர். மிளகாய்த்தூளைத் தராசில் நிறுத்தபடி சொன்னார்: "அண்ணை, பொட்டு வைச்சு நிக்கிறியள், வடிவாயிருக்கு! எங்கட வீட்டு வோட் முழுக்க உங்களுக்குத்தான்."

நெற்றியில் என்ன கறை என்று கட்சித் தலைவி தொலைபேசியில் கேட்டார். "மழை" என்றார் அப்பா டேனிஷில். எல்லாப் போஸ்டரிலும் ஒரே இடத்திலா என்று அவர் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். "ஆம், ஒரே இடத்தில்" என்றார் அப்பா.

அன்று பின்னேரம் அவர் ஒரு கம்பத்தில் ஏறி நெற்றியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். ஏணிக்குக் கீழே நின்ற என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் ஒன்றைப் பார்த்தேன். விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு இறங்கினார்.

அந்த ஞாயிறு மண்டப வாசலிலேயே ஒருவர் தொடங்கினார்: "பிரதர், வோட்டுக்காகப் பொட்டும் வைச்சாச்சு. இனித் திருநீறு எப்ப?" எங்கள் சபையில் பொட்டு வைத்த பெண் ஒருத்திகூட இல்லை. ஆராதனையின் நடுவில் பாஸ்டர் விளக்கம் கேட்டார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. அம்மா எழும்பினார். அப்பா அவரது மணிக்கட்டைப் பிடித்து இருத்திவிட்டுத் தான் எழும்பினார்.

"நான் பொட்டு வைக்கேல்லை, பாஸ்டர்."

"அப்ப ஆர் வைச்சது?"

"அதைச் சொல்லமாட்டன்."

சொல்லும்வரை திருவிருந்தில் பங்கில்லை என்றார் பாஸ்டர். அப்பத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. எங்கள் மூவரையும் தாண்டி அடுத்த ஆளிடம் போனது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து உண்பது வழக்கம். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் மட்டும். எனக்கிருந்த ஒரே சிநேகிதி பாஸ்டரின் மகள்தான். பக்கத்துக் கதிரையில் என் ஜாக்கெட்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்திருந்தேன். அவள் தட்டோடு வந்தாள், தகப்பனைப் பார்த்தாள், மற்றப் பிள்ளைகளோடு போய் இருந்தாள். அம்மா கொண்டுவந்த புரியாணிச் சட்டி மூடி திறக்கப்படாமல் இருந்தது. நாங்கள் அதை அப்படியே காருக்குக் கொண்டுபோனோம்.

காருக்குள் நான் டேனிஷில்தான் கேட்டேன். அது எண்ணெய் என்று சொன்னால் என்ன, எல்லாம் சரியாகிவிடுமே?

"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றார் அம்மா, ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பியபடி. "ஒரு சொல்லு போதும். சபை துள்ளும்."

"ஓம், துள்ளும்" என்றார் அப்பா. "அடுத்த கிழமை சாட்சி சொல்லுவினம். நான் கர்த்தரின்ர வேட்பாளரெண்டு, போஸ்டரெல்லாம் அபிஷேகம் பண்ணினதெண்டு ஊர் முழுக்கக் கதைப்பினம். அவையள் சந்தோசப்படுவினம் எண்டதுதான் எனக்குப் பயம்."

கண்ணாடி துடைப்பான் ஓடியது. ஒவ்வொரு கம்பமாகப் பொட்டு வைத்த அப்பா எங்களைக் கடந்து போனார்.

பின்னாளில் செய்தியாளராகப் பல நகரசபைக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தங்களுக்காக ஜெபித்தவர்களுக்கு நன்றி சொல்லி வென்றவர்களையும், அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லி வென்றவர்களையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சொல்லாமல் நின்ற ஒருவரை எழுத எனக்கு வாய்க்கவில்லை.

மற்றவர்கள் சந்தோசப்படுவதற்கு ஒரு மனிதர் ஏன் பயப்பட வேண்டும் என்பது காரின் பின்னிருக்கையில் எனக்கு விளங்கவில்லை. அப்பா அம்மாவோடு கோபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும் என்பது மட்டும் விளங்கியது.