பதிவேட்டில் நாரைகள்

வேடந்தாங்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் பறவை ஆய்வு நிலையத்தைக் கொரோனா ஊரடங்கில் மூடியபோது, உள்ளே தங்கியது காவலாளி மட்டும்தான். மீசை நசுங்கிவிடும் என்று முகக்கவசத்தை மீசைக்குக் கீழேதான் மாட்டியிருப்பார். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் கீழே வைக்கவே மாட்டார். டீ டம்ளரைக்கூட அதால் குறிபார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

கூடுகளை எண்ணாவிட்டால் என் ஆராய்ச்சி அந்த வருடத்தோடு பாழ். அதனால் ஒருநாள் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் போய் வாசலில் நின்று கெஞ்சினேன். நெற்றியில் துப்பாக்கியை நீட்டினார். காய்ச்சல் இல்லை. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

"ஆர்டர் இல்ல சார். வூட்டுக்குப் போங்க."

சில மாதம் கழித்து நிலையம் திறந்ததும், வருவோர் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். 'பெயர்: நத்தைகுத்தி நாரை, இருவர். ஊர்: ஏரி. காய்ச்சல்: பார்க்க விடவில்லை. வந்த காரணம்: குச்சி பொறுக்க.' தேதி, நேரத்தோடு பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது.

"என்னண்ணே இது?"

"உள்ள வர்றவங்க எல்லாரையும் எழுதச் சொன்னாங்க சார். இவுங்கதான் டெய்லி வந்துகினு இருந்தாங்க."

கேலிக்கு எழுதினாரா, கடமைக்கு எழுதினாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் குச்சி பொறுக்க வந்த ஜோடிகளை வைத்தே கூடுகளைக் கணக்கிட்டேன்; என் ஆராய்ச்சி அந்தப் பதிவேட்டால்தான் பிழைத்தது. அதில் ஒரு வரியை மட்டும் நான் பயன்படுத்தவில்லை. பாம்புத்தாராவுக்கும் நீர்க்காகத்துக்கும் நடுவே என் பெயர் இருந்தது. 'வந்த காரணம்: பறவை பார்க்க. திருப்பி அனுப்பப்பட்டார்.'