வரலட்சுமி விட்ட ராக்கெட்டு

அன்புமணி வீட்டை விட்டுப் போன மூன்றாவது வாரம்தான் அவனிடமிருந்து வரலட்சுமிக்கு முதல் சேதி வந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. "பரண் மேல கீற டப்பாவ தொடாத. ஞாயித்துக்கிழமை வந்து எட்துக்கினு பூட்றேன்" என்று செல்போனில் குரல் பதிவு. அதைத் தண்டையார்பேட்டைப் பட்டறையில் கூட வேலை செய்யும் சங்கமித்ராவுக்குப் போட்டுக் காட்டினாள். ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது இருவருக்கும் வேலை.

"கட்னவள கேக்கல, டப்பாவ கேக்குறான் பாரு" என்றாள் சங்கமித்ரா.

வரலட்சுமி மாலையில் வியாசர்பாடி வீட்டுக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். குப்பைத் தொட்டியில் வீசத்தான் இறக்கினாள்.

உள்ளே இருந்தது ஓர் இங்கிலீஷ் படத்தில் வரும் விண்கப்பலின் மாதிரி. அட்டைக் குழாய், மெல்லிய மரத்தில் வெட்டிய அகலமான இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, சின்னப் பாராசூட், வெடிமருந்து அடைத்த ஒரு குழாய். ஒட்டி முடித்தால் நிஜமாகவே வானத்தில் ஏறும். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கும் அன்புமணிக்கு அந்தப் படம் என்றால் பைத்தியம். யார் யாரையோ பிடித்து டப்பாவை வரவழைத்து, ஓர் இறக்கையை மட்டும் ஒட்டினான். மீதிக்கு நேரமில்லை என்றான். நேரம் எங்கே போயிற்று என்பது, காலடிப்பேட்டையில் ஒருத்தி வீட்டு வாசலில் அவன் பைக் நிற்பதைப் பார்த்த அன்றுதான் வரலட்சுமிக்குத் தெரிந்தது.

தொட்டிவரை போனவள் திரும்பி வந்தாள். வீசினால் அவனுக்கு ஒரு டப்பா நஷ்டம், அவ்வளவுதான். "மொத தபா நான் வுடும்போது பாரு லச்சு" என்று எத்தனை நாள் அவள் காதைத் தின்றிருக்கிறான்! அந்த முதல் தடவையை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும். அப்போது அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து வந்து தினமும் உட்கார்ந்தாள். அவன் ஒட்டியிருந்த இறக்கை கோணலாக இருந்தது. பிளேடால் கீறி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, நேராக ஒட்டினாள். நேராகப் பறக்குமா என்று தெரிய, குழாயைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கும்படி டப்பாவோடு வந்த செய்முறைத் தாளில் படம் போட்டிருந்தது. சுற்றினால் வால் முன்னால் வந்தது. இப்படியே விட்டால் தாறுமாறாகப் போய் மண்ணில் குத்தும். குத்தினால் அவன் சிரிப்பான். மூக்குக்குள் களிமண்ணை வைத்து அழுத்தினாள், மறுபடி சுற்றினாள், இன்னும் கொஞ்சம் வைத்தாள். மூக்கு முன்னால் வந்தபோது, "வாடி" என்றாள் வாய்விட்டு.

அவன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை.

"டப்பாவ குடுறீ."

"ஒட்டிகினு கீறேன்."

"இன்னாத்த ஒட்டற? கை வெச்சியா அதுல?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல எண்ணூர் கடலாண்ட வா. பறக்கும். நின்னு பாரு."

அவன் கதவை எட்டி உதைத்தான். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து அதட்டிய பிறகுதான் படியிறங்கினான்.

எண்ணூருக்குச் சங்கமித்ராவும் கூட வந்தாள், போனில் படம் பிடிக்க. மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த குப்பம்மா என்ற பெண் அவர்களைக் கண்டதும் கத்தினாள். "பட்டாசு வுட வேற எடம் கெடைக்கலியா? நெருப்பு பட்டா யாரு பதில் சொல்றது? அப்பால போங்க!" வரலட்சுமி பதிலுக்குக் கத்த வாயெடுத்தாள். சங்கமித்ரா இழுத்துக்கொண்டு போனாள். வெகுதூரம் தள்ளி, வெறும் மணலில் ஒரு கம்பியை நட்டு, அதில் ராக்கெட்டை நிறுத்தி, திரியிலிருந்து பேட்டரிப் பட்டன்வரை ஒயர் இழுத்தார்கள்.

அன்புமணி வந்தான். கம்பியில் நின்றதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். காயிலுக்குப் பூசும் செந்நிற வார்னிஷைத்தான் பட்டறையிலிருந்து கொண்டுவந்து அதற்கு அடித்திருந்தாள்.

"இன்னாடி கலரு இது? படத்துல அது சாம்பல் கலரு!"

"படத்த எவ பாத்தா?"

"கலீஜ் பண்ணிட்டியே!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "சரி வுடு. பட்டன நான் அமுக்குறேன். ஒரே ஒரு தபா. லச்சு..."

"அந்தப் பேர சொல்லாத."

பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் பல்லைக் காட்டினான். சற்றுப் பொறுத்து அவள் போய்ப் பார்த்தாள். திரியைக் கவ்வும் கிளிப் நழுவியிருந்தது. அவனும் கை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

"தொட்ட, மவனே, கடல்ல எறிஞ்சிடுவேன். அதையும், உன்னையும்."

அவன் பின்வாங்கினான். அவள் கிளிப்பை மாட்டிவிட்டு வந்து அமுக்கினாள். சீறிக்கொண்டு ஏறியது அது. கொஞ்சமும் ஆடவில்லை. புகைக்கோடு மட்டும் நின்றது, உச்சியில் செந்நிறப் பொட்டு. பாராசூட் விரிந்தபோதுதான் வரலட்சுமிக்கு நினைவு வந்தது, அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை என்று. வாயைப் பிளந்து அவளும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். திரும்புவதற்குள் அவன் தண்ணீரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். மேற்கிலிருந்து அடித்த காற்று பாராசூட்டைக் கடலுக்குத் தள்ளிப்போயிற்று.

இடுப்பளவு நீரில் இறங்கி எடுத்துவந்தான். ஓர் இறக்கை பிய்ந்திருந்தது.

"வெச்சிக்கோ. பறந்து முட்ச்சது தான அது" என்றாள். அவன் திட்டினான், அவளுடைய அம்மாவையும் சேர்த்து. அவளும் பதிலுக்கு ஒன்று பாக்கி வைக்கவில்லை. கருவாட்டுக்காரி வேலையை விட்டுவிட்டுக் கிட்டே வந்து நின்று கேட்டாள்.

மறு வாரம் சங்கமித்ராவின் தம்பி, யார்டில் லாரி ஓட்டுகிறவன், ஒரு சேதி கொண்டுவந்தான். ராக்கெட்டைத் தானே கட்டி விட்டதாக அன்புமணி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறானாம். மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரம் வரலட்சுமி யார்டு கேட்டில் போய் நின்றாள். வெளியே வந்தவர்களை மறித்து, போனை நீட்டி வீடியோவைக் காட்டினாள். பட்டனை அமுக்குவது யார், கை நீட்டித் திட்டு வாங்குவது யார் என்று அதில் தெளிவாக இருந்தது. சிரித்தார்கள், "அன்பு, இன்னா மாமு இது?" என்று கூப்பிட்டார்கள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பைக்கை முறுக்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அவளும் சண்டையை விடுவதாக இல்லை. இரண்டு பேரும் விவாகரத்துக்கு வக்கீல் வைத்தாயிற்று.