காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுச் சாயம்

அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அஞ்சு மார்க் மிஸ். எந்தப் பாடத்தைத் தொட்டாலும், "இது அஞ்சு மார்க், கோடு போட்டுக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தப் பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. வருத்தப்படவில்லை; உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அவள் பாடத்தில் யாரும் தேறாமல் போனதில்லை.

வேதியியல் படித்தவள். மருந்துக் கம்பெனி ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கிடைக்காமல், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். மாடியில் இரண்டு கூடம். ஒன்றில் வரிசையாகக் கண்ணாடிகளும் சுழல் நாற்காலிகளும். அங்கே செய்முறை ஆசிரியை முடி வெட்டவும் சுருட்டவும் சொல்லிக்கொடுப்பாள். இன்னொன்றில் பெஞ்சும் கரும்பலகையும், அது இவளுடையது. தோல், முடி, அவற்றின்மேல் பூசுகிற ரசாயனங்கள் எல்லாம் இவள் பாடம். நடுவில் ஒரே ஒரு கதவு. அதைத் தாண்டி அவள் போனதெல்லாம் சாக்பீஸ் தீர்ந்துபோன நாட்களில்தான்.

இதெல்லாம் பார்லரில் எதற்கு என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது கேட்பாள். முதலில் பாஸ் பண்ணு, அப்புறம் பார்லரைப் பார்க்கலாம் என்பது அவள் கைவசம் இருந்த பதில். வகுப்பு சிரிக்கும். கேட்டவள் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படி எதுவும் கேட்காதவள் ஒருத்தி இருந்தாள். அச்சில் வார்த்ததுபோல எழுதுவாள் என்பதால் அவளை எல்லோரும் அச்சு என்றே கூப்பிட்டார்கள். 'ஒவ்வாமைச் சோதனை: சிறு குறிப்பு வரைக' என்ற கேள்விக்கு அவள் எழுதிய விடையை ஆசிரியை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினாள். சாயத்தை முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவ வேண்டும், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும், அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சாயத்தைத் தொடக் கூடாது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கும் அதையே படித்துக் காட்டினாள்.

அச்சு படிப்பு முடிந்து, கடைத்தெருவில் இருந்த நல்ல பார்லர் ஒன்றில் சேர்ந்தாள். அங்கேதான் ஆசிரியை தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கணவனின் அக்கா அவள். ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவள். மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகி, அதற்கு நேர்காணல் வைத்திருந்தார்கள். முன்நெற்றியில் நரை ஓடியிருந்தது. போட்டிக்கு நிற்பவர்களோ இளசுகள். வாழ்நாளில் தலைக்குச் சாயம் போடாதவள், இந்த ஒரு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கித் தம்பி பெண்டாட்டியிடம்தான் யோசனை கேட்டாள். நம்ம பொண்ணு ஒருத்தி இருக்கிறாள், கவலையே வேண்டாம் என்று இவள் முந்திக்கொண்டாள்.

பார்லரில் அச்சு ஓடிவந்து வரவேற்றாள். முதலாளியம்மாவிடம் "எங்க மிஸ்" என்று அறிமுகப்படுத்தினாள். ஆசிரியை சோபாவில் சாய்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். அச்சு டப்பாவைப் பிரித்தாள், கிண்ணத்தில் கலந்தாள், தூரிகையை எடுத்தாள். எல்லாம் இவள் கண்ணெதிரேதான் நடந்தது. நாத்தனார் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்து, ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள்.

"அவ எங்க இன்ஸ்டிடியூட்ல முதல் ரேங்க் அண்ணி" என்று சொல்லிவிட்டு, இவள் பக்கத்தைத் திருப்பினாள்.

மறுநாள் நாத்தனாருக்கு உச்சந்தலை எரிந்தது. அதற்கு மறுநாள் நெற்றியும் காதும் வீங்கி, கண் இரண்டும் கோடாகச் சுருங்கிவிட்டன. முடியோரத்தில் கொப்புளங்கள் கசிந்தன. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"காதுக்குப் பின்னாடி கொஞ்சம் போட்டுப் பாத்தாங்களா?"

நாத்தனார் இல்லையென்று தலையசைத்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியைக்கு முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை வருஷமாகத் தன் வாயால் சொல்லிவரும் வாக்கியம் அது! அன்று சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அது அவளுக்கே நினைவுக்கு வரவில்லையே. மறந்துபோனது என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் பாடத்துக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை.

நேர்காணலுக்கு நாத்தனாரால் போக முடியவில்லை. தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டும் நடக்கவில்லை. இடம் வேறொருத்திக்குப் போனது.

பார்லர் முதலாளியம்மா மன்னிப்புக் கேட்க அச்சுவை நாத்தனார் வீட்டுக்கே அனுப்பிவைத்தாள். ஆசிரியையும் அப்போது அங்கே இருந்தாள். உட்காரச் சொல்லியும் அச்சு உட்காராமல், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் கத்தவில்லை. வீங்கிய முகத்தோடு மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, இதையெல்லாம் உனக்குப் படிப்புல சொல்லித்தரலையா?"

அச்சு ஒரு கணம் ஆசிரியையைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொல்லித்தந்தாங்கம்மா. நான்தான் மறந்துட்டேன்."

அந்த இடத்தில் ஆசிரியை ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அதைவிடக் கேவலம், நாத்தனார் இவள் பக்கம் திரும்பி, நீ என்ன பண்ணுவாய், நீ சொல்லித்தானே கொடுத்திருக்கிறாய் என்றபோது, ஆமாம் என்பதுபோலத் தலையைக்கூட ஆட்டிவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பெண் கிளம்பியதும் மனசு கேட்காமல் வாசல் வரை பின்னாலேயே போனாள். நிஜமாகவே மறந்துதான் போனாயா என்று கேட்டாள். அச்சு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மறக்கல மிஸ். இப்பக் கேட்டாலும் அப்படியே ஒப்பிப்பேன். ஆனா பார்லர்ல யாரும் ஒவ்வாமைச் சோதனைன்னு பேர் சொல்றதில்ல. புஸ்தகத்துல இருந்தது இந்தக் கிண்ணத்துச் சாயத்தைப் பத்திதான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்றைக்கு ஆசிரியைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கணவனிடம் சொன்னாள். அவன் சமாதானமாக, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள் என்றான். ஆறுதலுக்குச் சொன்னதுதான், அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் நாத்தனார் வீட்டுக்குத் தனியாகப் போனாள். அந்தப் பெண்மேல் தப்பில்லை, தான் எல்லாவற்றையும் பரீட்சைக்கென்றே சொல்லிக்கொடுத்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்காதவள் என்று திக்கித் திணறிச் சொன்னாள். நாத்தனார் நெற்றியில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்து மூடியைத் திருகினாள்.

"அந்தப் பொண்ணு இங்க நின்னப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டுவிட்டு, களிம்பை அலமாரியில் வைக்க எழுந்து போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்குத் தோன்றியது.

பார்லருக்கும் போனாள். அச்சுவை நாற்காலி வேலையிலிருந்து எடுத்து, துண்டு துவைக்கவும் தரை கூட்டவும் போட்டிருந்தார்கள். குற்றம் தன்னுடையது என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "இருக்கலாம் டீச்சர். ஆனா போர்டுல என் பேருதானே இருக்கு" என்றாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்திருக்கிறோம் என்று ஆசிரியைக்குப் புரிந்தது. கிளம்பும் முன், விடுமுறை முழுக்க இங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டாள். விநோதமாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள் அந்த அம்மாள்.

அந்த விடுமுறையில் அவள் பட்ட கூச்சம் கொஞ்சமல்ல. பழைய மாணவிகள் நின்றுகொண்டு வேலை செய்ய, அவள் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாயத்தை இரும்புக் கிண்ணத்தில் கலக்காமல் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஏன் கலக்கிறார்கள் என்று பார்த்தாள். காரணம் அவள் கோடு போடச் சொன்ன வரிகளில் இருந்தது. உப்புத் தண்ணீர் வரும் நாட்களில் ஷாம்பு ஏன் சரியாக நுரைப்பதில்லை என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள்; அதுவும் இருந்தது, நான்காம் பாடத்தில். பாடத்தில் இருந்த முக எலும்புகளின் பெயர்களுக்கு மட்டும் கடைசி வரை அங்கே ஒரு வேலையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

புது வருஷத்து வகுப்பை நடுக்கதவைத் திறந்துவைத்து ஆரம்பித்தாள். பெஞ்சில் இருந்தவர்களைக் கண்ணாடிக் கூடத்துக்கு வரச்சொல்லி, சாய டப்பாக்களைப் பிரிக்கவைத்தாள். உள்ளே மடித்திருந்த பொடியெழுத்துத் தாளை ஒருத்தி வாசித்தாள். கலந்ததில் ஒரு சொட்டை முதலில் தன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டாள் ஆசிரியை. சம்மதித்தவர்கள் பிறகு தடவிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, அதிகம் பேசாத ஒரு பெண் காதைத் திருப்பிக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது. வகுப்பு மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது. இனி அவள் சாயம் கலக்கும்போதெல்லாம் கையுறை போட வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். எலும்புகள் வந்தபோது, "இது எதுக்குன்னு எனக்கும் தெரியல, பரீட்சைக்கு வரும், படிச்சு வைங்க" என்று உள்ளதைச் சொன்னாள்.

பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. நிலையத் தலைவர் இரண்டு முறை கூப்பிட்டு, போர்ஷன் முடியவில்லையே என்று கடிந்துகொண்டார். அந்த வருஷம் இரண்டு பேர் தேறவில்லை. அதுவும் அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது.

நடுவில் ஒருநாள் அச்சுவைத் தேடிப் போனாள். அவளைத் திரும்ப நாற்காலிக்கு விட்டிருந்தார்கள். வகுப்புக்கு வந்து, நடந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னால் நன்றாகப் பதியும், வருகிறாயா என்று கேட்டாள். அச்சு வாடிக்கையாளரின் காதோரம் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"வேணாம் மிஸ். அவங்க எல்லாரும் என்னைப் பாப்பாங்க."

கேட்டதும் ஆசிரியை கூனிக் குறுகிப்போனாள். இந்தப் பெண்ணை ஒரு தடவை முன்னால் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது போதாதென்று, மறுபடியும் நிறுத்தப் பார்த்தோமே என்று மனசுக்குள் தன்னையே ஏசிக்கொண்டாள். "சரிம்மா, தப்பா கேட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கூடத்தில் அவளே சொன்னாள். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிய டீச்சரைப் பற்றிச் சொன்னாள், அது தான்தான் என்றும் சொன்னாள். கண்ணாடிகள் எல்லாப் பக்கமும் இருந்ததால், எங்கே பார்த்தாலும் அவள் முகம் அவளுக்கே தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருத்தி, அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"முகம் சரியாயிடுச்சு. நரையோடதான் வேலைக்குப் போறாங்க. எங்க வீட்டுக்கு வருவாங்க, பேசுவாங்க. முன்ன மாதிரி இல்ல."

பிறகு அவள் கிண்ணங்களை எடுத்துவரச் சொன்னாள்.