வெள்ளைக் கைப்பிடியும் பலாபத்வல கடையும்

சைக்கிள் கடையில் கை கறுப்பாக இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தக் கையாலேயே வெள்ளைச் சாமானைக் காப்பாற்று என்று சொன்னால் மனுசன் என்ன செய்வான்? மழைக்காலத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போனவர்களுக்கும், கைக்குழந்தைக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்தவர்களுக்கும் என் பாடு நான் சொல்லாமலே புரியும்.

அறுபதுகளின் ஆரம்பம். மாத்தளை டவுனில் ஹாஜியார் ஒருவருடைய சைக்கிள் கடையில் இருந்தேன். ஒரு நாள் அவர் கொழும்பிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கினார். சட்டம் மட்டும்தான் கறுப்பு. கைப்பிடி, சீட், முன்னும் பின்னும் மட்காட், பெடல் ரப்பர் எல்லாம் பால் வெள்ளை. அதைக் கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அந்தோனி, இது ஒன்ட பொறுப்பு. வெள்ளை வெள்ளையாவே வித்துக் காட்டு. பலாபத்வலயில தொறக்கப் போற கடைய ஒன்ட கையில தாரேன்" என்றார்.

பலாபத்வல கடைக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. எனக்கு அந்த அறைதான் கண்ணில் நின்றது. கல்யாணம் முடித்தும் நான் படுப்பது மாத்தளைக் கடைப் பலகையில். ரோசலின் இருப்பது உக்குவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், அவள் அம்மாவுடைய ஒற்றை அறை லயக் காம்பிராவில். ஞாயிறு பூசை முடிந்து போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அந்த அறை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சமைத்துச் சாப்பிடலாம். இவ்வளவுதான் ஆசை.

அமுக்கிப் பார்க்கிறவர்கள்

வாங்குகிறானோ இல்லையோ, கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் அந்தக் கைப்பிடியை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பான். பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. மண்ணெண்ணெய் போட்டால் ரப்பர் மஞ்சளாகிவிடும். ஈரத்துணியில் பற்பொடியைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தால்தான் வெளுக்கும். நான் பல் விளக்கக் கரியை எடுத்தேன், பற்பொடி முழுக்க சைக்கிளுக்குப் போனது.

லக்கல பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். வாய் நிறைய வெற்றிலை, விரலெல்லாம் அதன் சாறு. நான் ஓடிப் போவதற்குள் பின் மட்காட்டைத் தடவிவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இந்த வெள்ளை சும்மா அழகுக்கு இல்லை, இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு நாம் போவது தெரிவதற்கு என்று விளக்கினேன். மனுசன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நல்ல கறுப்புச் சைக்கிளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, போகும்போது சிங்களத்தில் சொன்னது இது: "எங்க ஊர்ல இருட்டுல பின்னால வர்றது யானை. அதுக்கு எதுக்கு நான் போற இடத்தக் காட்டணும்?"

சாரம் கட்டிய சைக்கிள்

சாப்பிட உட்கார்ந்தால் ஒரு லொறி போகும். தூசி. எழுந்து துடைப்பேன். திரும்ப உட்கார்ந்தால் ஒரு பஸ். பிசைந்த சோறு காய்ந்து போகும். அந்த நாளையில் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட மழை வருமோ, யாராவது அதில் எதையாவது சாத்தியிருப்பானோ என்றுதான் நினைப்பு. ரோசலினும் அப்படித்தான் ஆகிவிட்டாள். என்னைக் கண்டதும் சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டாள். "வெள்ளை எப்படி இருக்கு?" என்பாள், ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

ஒரு பின்நேரம் மழை கொட்டியது. வாசல் தகரம் ஒழுக ஆரம்பித்தது. கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. கொடியில் கிடந்த, நான் இடுப்பில் கட்டுகிற புதுச் சாரத்தை எடுத்து சைக்கிளைச் சுற்றிக் கட்டினேன். மழை விட்டதும் அவிழ்த்துப் பார்த்தால், போச்சு! சாரத்தின் பச்சைக் கோடு அத்தனையும் சீட்டில் இறங்கியிருந்தது. தேசிக்காயை வெட்டி அந்தப் புளிச்சாற்றால் தேய்த்தேன், வெயிலில் வைத்தேன், மறுபடி தேய்த்தேன். நல்ல காலம், இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. ரிம் கோணல் எடுக்கிற பியதாச, கடையில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி, குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் நல்ல தமிழிலேயே சொன்னான்: "நீ பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு பார்த்து உடுப்புப் போட்டுவிட்டிருக்க மாட்ட."

மஞ்சள்

கடைசியில் ஒரு கங்காணி வந்து சேர்ந்தார். மகளைக் கட்டப்போகிற பையனுக்குக் கொடுக்க வெள்ளைச் சைக்கிள்தான் வேண்டும் என்று நின்றார். விலை பேசி முடிந்தது. கடைசித் தடவையாகத் துடைத்து, வாசல் படியைத் தாண்டி வெளியே இறக்கினேன். ஹாஜியார் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கூட வந்திருந்த கங்காணியின் சம்சாரம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். புது வண்டிக்குப் பொட்டு வைக்காமல் எப்படி ரோட்டில் இறக்குவது? குழைத்த மஞ்சளை இரண்டு கைப்பிடியிலும், சீட்டிலும், மட்காட்டிலும் பெரிது பெரிதாக அப்பினார். வெள்ளை ரப்பரில் மஞ்சள்! எனக்கு பலாபத்வல அறையின் கதவு படாரென்று மூடிய மாதிரி இருந்தது. யோசிக்காமல் சவர்க்காரத் துணியை எடுத்து ஒரு கைப்பிடியைத் தேய்த்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. கைப்பிடி செக்கச்செவேல் என்று ஆனது.

கங்காணியின் முகம் மாறியது. நான் செத்தேன் என்று நின்றேன். அந்த அம்மா மட்டும் கிட்டே வந்து சிவப்பைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "மஞ்சளே குங்குமமா மாறிருச்சு. ஆத்தா ஒத்துக்கிட்டா. அந்தப் பக்கத்துப் பிடிக்கும் சவுக்காரம் போடுங்க தம்பி."

பலாபத்வல

சைக்கிள் போன பிறகு ஹாஜியார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். வாசல் தாண்டும் வரை ஒரு பொட்டு அழுக்கு இல்லை, நான் பார்த்தேன் என்று வாயாரப் புகழ்ந்தார். கொழும்பில் இன்னும் இரண்டு வெள்ளைச் சைக்கிளுக்குச் சொல்லியிருக்கிறாராம். நான் தயங்கித் தயங்கி பலாபத்வல பேச்சை எடுத்தேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: "அங்க மருமகன அனுப்புறேன். அவனுக்குத் தொடைக்கத் தெரியாது. நீ போனா இங்க யாரு தொடைக்கிற?"

அந்த ஞாயிறு ரோசலின் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். வெள்ளை நல்லபடியாக விற்றுவிட்டது என்ற செய்தி எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போயிருந்தது. ஹாஜியார் சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. சாக்கை அவிழ்த்து, சோற்றுப் பானையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "அந்த மருமகன் இப்பவும் பொண்டாட்டி கூடத்தானே இருக்கான்?"

ஆகவே, முதலாளி கண்ணில் படுகிற மாதிரி எதையாவது துடைத்துக்கொண்டிருக்கிற என் சோதரர்களே, தயவு செய்து ஒரு மூலையிலாவது கொஞ்சம் அழுக்கை விட்டு வையுங்கள்.