கயிறில்லாமல் இழுத்த கிறகரி

மன்னார்க் கரையோரத்து வங்காலையில் கிறகரியின் தொண்டையைத் தெரியாதவர் இல்லை. பின்னேரத்தில் மைதானப் பக்கம் போனால் போதும். "விரி! விரியடா! டிலோஜன், கோட்டோட நில்லடா!" என்று அவர் போடுகிற சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்கும். கோயில் மணியே அவர் ஓயும்வரை பொறுத்துத்தான் அடிக்கிறது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

விடியற்காலையில் கரைவலை இழுக்கிற ஆள். பின்னேரத்தில் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர். அதுதான் கிறகரி. கடல் தாண்டி இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கிடந்த காலத்திலும் இளந்தாரிகளைச் சேர்த்துப் பந்தடிக்க வைத்தவர். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது சனமெல்லாம் கூரைத் தகரத்துக்கு அலைய, இந்த மனுசன் கோல் கம்பத்துக்கு மரம் தேடித் திரிந்தார். "வீட்டுக்குக் கதவில்லை, இவருக்குக் கோல் கம்பம்!" என்று மனைவி லூசியா பேசாத பேச்சில்லை. பேசிக்கொண்டே தன் பழைய சேலையைக் கிழித்து மைதானத்துக்கு மூலைக்கொடியும் தைத்துக் கொடுத்தாள். பின்னேரம் தவறாமல் வந்து வேலியோரம் நின்று பார்ப்பாள். அவளுக்குப் பந்தாட்டத்தில் அப்படியொரு பைத்தியம் என்று கிறகரிக்கு உள்ளுக்குள் பெருமை.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல அணிதான். ஓட்டத்தில் எவரும் கிட்ட நிற்கமுடியாது. ஆனால் பந்து எதிரியின் கோலுக்குக் கிட்டப் போனதும் எல்லோரும் நடுவுக்கு ஓடிவந்து ஒரே குவியலாக நிற்பார்கள். ஓரங்கள் இரண்டும் வெறிச்சோடிக் கிடக்கும். "வங்காலையார் வந்தால் நடுவை அடைத்து நில், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று மற்ற ஊரார் சிரித்தார்கள். விரிந்து நில்லுங்கள் என்று கிறகரி கத்தாத கத்தல் இல்லை. ஒரு மாற்றமும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் புதுச் சட்டம் வந்து விழுந்தது. சான்றிதழ் இல்லாத பயிற்றுநர் இனிமேல் மாவட்டப் போட்டிகளில் அணியோடு நிற்க முடியாதாம். கழகக்காரர் தலையைச் சொறிந்தார்கள். டவுனிலிருந்து படித்த ஆள் ஒருவரைப் பிடிக்கலாமோ என்று கதைத்தார்கள். மைதானத்துப் பற்றைக்காட்டை வெட்டியது கிறகரி, கம்பம் நட்டதும் அவர். அந்தப் பிள்ளைகளை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நிற்பதா?

அடுத்த கிழமையே மன்னாரில் நடந்த பயிற்றுநர் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய மனுசன், இப்போது முதலாம் வாங்கில் போய் இருந்துகொண்டார். காயத்துக்கு என்ன செய்வது, விளையாடுமுன் என்ன சாப்பிடுவது என்று கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து லூசியாவுக்கு ஒப்புவித்தார். வகுப்பெடுத்தவர் வஸீர். மன்னார்ப் பக்கத்துத் தாராபுரத்து ஆள், இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பஞ்சு மாதிரிக் குரல்.

"கடைசியா ஒரு சின்ன ஆய்வு செய்யவேணும்" என்றார் வஸீர். "உங்கட பயிற்சியில தீராத பிரச்சினை ஒண்டை எடுங்கோ. அது ஏன் தீரேல்லை எண்டு நீங்களே கண்டுபிடியுங்கோ. பிறகு நான் உங்கட மைதானத்துக்கே வந்து பார்ப்பன். அதிலதான் சான்றிதழ்."

கிறகரிக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பொடியன்களுக்குச் சொன்னது மண்டையில் ஏறாது, அதுதான் முடிவு. ஆதாரத்துக்கு வீடியோ இருந்தால் போதும். ஓரத்தில் ஆடுகிற டிலோஜனின் ஃபோனை வாங்கி லூசியாவிடம் கொடுத்தார். "பந்து கோலுக்குக் கிட்டப் போகேக்க விடாம எடும், என்ன?"

விளையாட்டு முடிந்து, மூலைக்கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார். முழுக்க முழுக்கக் கிறகரி! பந்தைக் காணவில்லை, கோலைக் காணவில்லை.

"என்னப்பா வேலை பாத்தனீர்! பொடியங்களை எல்லோ எடுக்கச் சொன்னனான்!"

"இஞ்சாருங்கோ, வகுப்புக்குப் போறது நீங்களோ, அவங்களோ? உங்களை எடுக்காம வேற ஆரை எடுக்கிறது?"

கிறகரிக்குக் கோபம் தலைக்கேறியது. லூசியாவோ ஃபோனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, கடற்கரையில நிக்கிற மாதிரியே நிக்கிறீங்கள். பாருங்கோவன்!"

பார்த்தார். வாய் "விரி, விரி" என்று கத்துகிறது. உடம்போ பின்னால் சாய்ந்திருக்கிறது. குதிகால் இரண்டும் மண்ணில் ஊன்றியிருக்கின்றன. கைகள் மாறி மாறி எதையோ பிடித்து இழுக்கின்றன. இழுத்தபடியே கோட்டோரமாக நடந்து, கோலின் நடுப்பக்கம் போகிறார். படத்தின் ஓரத்தில் டிலோஜன். அவன் கிறகரியை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறான். பிறகு தானும் நடுவுக்கு ஓடுகிறான்.

கரைவலையில் கயிறு இரண்டு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம், எட்ட எட்ட நின்று இழுக்கும். வலை கிட்ட வர வர இரண்டு கூட்டமும் நகர்ந்து நடுவில் சேரவேண்டும். சேராவிட்டால் மீன் ஓடிவிடும். எப்போது சேர்வது என்று முன்னால் நடந்து காட்டுகிறவர் கிறகரி. அணியில் இருக்கிற அத்தனை பேரும் காலையில் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவர்கள். அவர் வாயைக் கேட்டா இழுக்கிறார்கள்? அவர் கால் போகிற பக்கத்தைப் பார்த்துத்தான். மைதானத்திலும் அதேதான்.

"அட கடவுளே, நான்தான்!" கிறகரி தலையில் கைவைத்தார். எத்தனை பேச்சுப் பேசியிருப்பார் அந்தப் பிள்ளைகளை! வெட்கத்தில் முகம் சுருங்கியது. அடுத்த நிமிசம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாக வயிறு நோகச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் வாயை மூடிக்கொண்டு நின்றார். டிலோஜன் ஓடிவந்தான். "அண்ணை, காய்ச்சலோ?" வாய் அடங்கியது, கை அடங்கவில்லை. கதிரை போட்டு இருந்து பார்த்தார். பந்து போன பக்கம் கதிரையும் போனது. கடைசியில் லூசியாதான் கிழிந்துபோன பீத்தல் வலை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "இந்தாங்கோ, கைக்கு வேலை."

அது பலித்தது. விளையாட்டுக்கு முன் சொல்வதைச் சொல்லிவிடுவார், முடிந்தபின் கேட்பதைக் கேட்பார். நடுவில் ஊசியும் நூலுமாக வலை பொத்துவார், அவ்வளவுதான்.

வஸீர் வந்த நாளில் முருங்கன் ஊர் அணியோடு சினேகபூர்வ ஆட்டம். சோதனை நாளில் பயிற்றுநர் மூலையில் குந்தியிருந்து வலை பொத்துவதைக் கண்டதும் கழகக்காரருக்கு உயிர் போய்விட்டது. "மானத்தை வாங்கிறானே!" என்று பல்லைக் கடித்தார்கள். வஸீர் கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல் இல்லாமலே ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து முருங்கன் கோலுக்குக் கிட்டப் போனது. டிலோஜனின் கால் நடுப்பக்கம் திரும்பியது. பழக்கத்தில் கிறகரியைப் பார்த்தான். கிறகரி அசையவில்லை. தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டு ஊசியை இறுக்கிப் பிடித்தார். டிலோஜன் நின்றான். ஒரு கணம் யோசித்தான். திரும்பித் தன் கோட்டோரத்துக்கே ஓடினான். பந்து அவனைத் தேடி வந்தது. முருங்கன் ஆள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. நிதானமாக உள்ளே தூக்கிக் கொடுத்தான், நடுவில் நின்றவன் தலையால் இடித்தான். கோல்!

கிறகரி துள்ளி எழும்பினார். வலை காலில் சிக்கி, மனுசன் குப்புற விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே கத்தினார் பாருங்கள், சேர்த்து வைத்த கத்தல் எல்லாவற்றையும்!

வஸீர் கைகொடுத்துத் தூக்கினார். "ஆய்வு முடிவு என்ன?"

"பொடியங்களில பிழையில்லை, சேர். நான்தான் கயிறில்லாம இழுத்துக்கொண்டு நிண்டனான்."

வஸீரின் பஞ்சுக் குரலும் சிரிப்பில் உடைந்தது. "டவுன்ல ஆரையும் தேடவேண்டாம், உங்கட ஆள் பாஸ்" என்று கழகக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டார். கிறகரிக்குக் கண் கலங்கிவிட்டது. டிலோஜனும் மற்றவர்களும் அவரைத் தோளில் தூக்கினார்கள்.

"அந்த வீடியோவை அடுத்த வகுப்புக்குக் காட்டவேணும்" என்றார் வஸீர். "பயிற்றுநரை மட்டும் படமெடுக்க ஆருக்குத் தோணினது?"

தோளில் இருந்தபடி கிறகரி லூசியாவைக் காட்டினார். "பிழையா எடுத்திட்டா எண்டு நான் ஏசினனான், சேர்."

லூசியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதில என்ன இருக்கு? நான் எந்த நாளும் பாக்கிறதைத்தானே எடுத்தனான். பந்தை ஆர் பாத்தது?"

இத்தனை வருசமும் லூசியாவுக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர் என்றே கிறகரி நம்பியிருந்தார்.